அரசாணைப் பச்சை

நேப்பிள்ஸ் நகரத்தில் பாலே ஆடும் பெண்களின் பாவாடை ஆண்டுக்கு ஒரு விரற்கடை மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது ஏற ஏற அரசாங்கத்தின் கவலையும் ஏறியது. இரண்டுக்கும் நடுவே ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தவள் காந்திதா.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகள் அவள். எட்டு வயதில் ஆட்டப் பள்ளியில் கொண்டுபோய் விட்டார்கள். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் பின்வரிசையில் மரமாகவும் அலையாகவும் திராட்சை பறிப்பவளாகவும் ஆடினாள். அவள் சேர்ந்தபோது உடை என்றால் மார்புக்குக் கீழே கட்டிக் கணுக்கால்வரை நேராகத் தொங்கும் மெல்லிய அங்கி. பிறகு பாரிஸிலிருந்து வெள்ளைப் பாவாடை வந்தது. இடுப்பை இறுக்கிப் பிடித்து, கீழே ஏழு அடுக்கு மஸ்லினாக மணிபோல விரியும். ஆடுகிறவள் பெண்ணல்ல, காற்றில் மிதக்கும் ஆவி என்று காட்டுவதற்காக உண்டாக்கிய உடை. ஆவிகளுக்கு வியர்க்கும், மூச்சு முட்டும், முழங்கால் தேயும் என்பதைப் பார்க்க வந்தவர்கள் யோசித்ததில்லை. காந்திதாவின் வலது முழங்கால் இருபது வயதில் தேய்ந்துபோயிற்று. அரங்கத்தார் அவளை மாடிக்கு, உடையறைக்கு அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் திருமணமாயிற்று. காலரா வந்த ஆண்டில் கணவன் போனான். குழந்தை இல்லை. அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளாக அவள் வாழ்க்கை அந்த உடையறைதான்.

கால்விரல் நுனியில் நிற்பதுதான் புதிய மோகம். விரல் நுனியில் நிற்பது தெரியவேண்டுமானால் கால் தெரிய வேண்டும். கால் தெரியப் பாவாடை குட்டையாக வேண்டும். குட்டைப் பாவாடையோடு ஒருத்தி சுழன்றால் உள்ளே இருப்பது தெரியும். எங்கள் அரசாங்கம் இதையெல்லாம் ஆழ்ந்து சிந்தித்தது. ஊரில் பாதிப் பேருக்கு நல்ல குடிநீர் இல்லை, சிறையில் இடமில்லை. ஆனால் இந்தப் பிரச்சினைக்கு உடனே தீர்வு கண்டது. ஆடும் பெண்கள் எல்லோரும் பாவாடைக்குள் முழங்கால்வரை நிஜார் அணிய வேண்டும். அது பச்சை நிறத்தில் இருக்க வேண்டும் என்று ஆணை வந்தது. வெள்ளையோ ரோஜா நிறமோ தோலை நினைவூட்டும், தோல் பாவத்தை நினைவூட்டும், பச்சை எதையும் நினைவூட்டாது என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் தவளையை நினைவூட்டியது. ஊரார் எங்கள் பெண்களை ராஜாவின் தவளைகள் என்றே கூப்பிட்டார்கள். மாடங்களில் உட்கார்ந்து அந்தப் பெண்களை விலைபேசிய கனவான்களுக்கு மட்டும் எந்த ஆணையும் இல்லை.

ஆணை சரியாக நடக்கிறதா என்று பார்க்க தோன் சவேரியோ என்ற ஆய்வாளர் வருவார். தினமும் தேவாலயம் போகிறவர். ஓயாமல் மூக்குப்பொடி போடுகிறவர். 1847ஆம் ஆண்டு, தவக்காலத்துக்கு முன்வரும் கார்னிவல் கொண்டாட்டப் பருவத்துக்கான ஒத்திகையை மாடத்திலிருந்து பார்த்துவிட்டு, கீழே இறங்கிவந்து காந்திதாவைக் கூப்பிட்டார். ஆட்டத்தில் இருந்த பன்னிரண்டு பெண்களும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“நாலாவது பொண்ணு சுத்தும்போது எனக்குத் தோல் தெரிஞ்சுதே.”

“அது தோல் இல்லீங்க ஐயா. நிஜார்தான்.”

“பச்சையா தெரியலியே.”

“விளக்கு வெளிச்சத்துல சாயம் மங்கித் தெரியுதுங்க. பகல்ல பாத்தா பச்சைதான்.”

“ஆட்டம் என்ன பகல்லயா நடக்குது? ராஜாவோட மாடத்துலேர்ந்து பாத்தாலும் சந்தேகமில்லாம பச்சைன்னு தெரியணும். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

நாலாவதாக நின்ற ஒலிம்பியா வாய்த்துடுக்கானவள். பதினெட்டு வயது. “ஐயாவுக்குச் சந்தேகம் வந்தா அதுக்கு நிஜார் என்ன பண்ணும்?” என்றாள்.

“யாரது பேசினது?”

“தவளைங்க கத்துதுங்க ஐயா. மழை வரும்போல,” என்று வரிசையின் கோடியிலிருந்து இன்னொருத்தி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். தோன் சவேரியோ சிரிக்கவில்லை. இரண்டு வாரத்தில் நல்ல பச்சை வராவிட்டால் பாலேயே மேடையேறாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலே மேடையேறாவிட்டால் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரியாது. காந்திதா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அதுவரை மஞ்சள் நிறம் தரும் ஒரு செடியையும் அவுரியையும் சேர்த்துக் காய்ச்சிய சாயத்தில்தான் துணியை முக்கினார்கள். அதில் மூன்று முறை முக்கிப் பார்த்தும் விளக்கில் மங்கித்தான் தெரிந்தது. பிறகு தொலேதோ தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாள். தொப்பிகளுக்குத் துணியில் பூவும் இலையும் செய்து விற்கிற ஒரு கடையில் அந்த இலைகளைப் பார்த்தாள். புதிதாகத் துளிர்த்த திராட்சை இலைகூட அத்தனை பச்சையாக இருக்காது. கடைக்காரன் ஜன்னலைச் சாத்தி, விளக்கை ஏற்றிக் காட்டினான். நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. வடக்கே ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வரும் துணி, அங்கே சீமாட்டிகள் விருந்துக்கு இதைத்தான் உடுத்துகிறார்கள் என்றான்.

காந்திதா அதில் ஒரு முழம் வாங்கிவந்து அரங்க முதலாளியிடம் காட்டினாள். அவர் நாலு சுருள் வரவழைத்தார். வெட்டும்போதே துணியிலிருந்து பச்சைத் தூள் பறந்தது. சாயம் நூலில் ஊறியிருக்கவில்லை. கஞ்சியோடு கலந்து மேலே பூசியிருந்தார்கள். காந்திதா தும்மித் துடைத்தபோது கைக்குட்டை பச்சையாயிற்று. “அக்காவுக்கு மூளையும் பச்சையாயிடுச்சு” என்று பெண்கள் கேலி செய்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பன்னிரண்டு நிஜார்களையும் தைத்து முடித்தாள். தோன் சவேரியோ மாடத்திலிருந்து பார்த்துத் தலையாட்டினார். “இந்தத் தையக்காரிக்குத்தான் இங்கே வெக்கமானம்னு ஒண்ணு இருக்கு” என்று முதலாளியிடம் சொன்னாராம். காந்திதா அந்தச் சொல்லை மூன்று நாள் மனத்தில் வைத்து மகிழ்ந்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கார்னிவல் தொடங்கியது. வாரத்தில் ஐந்து நாள் ஆட்டம். இரண்டாவது வாரத்தில் பெண்களுக்குத் துடையின் உட்புறம் அரிக்கத் தொடங்கியது. வியர்வையில் கஞ்சி கரைந்து தூள் தோலில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வாரத்தில் புண்ணாயிற்று. இதில் ஒருத்திகூட மற்றவளிடம் வாய் திறக்கவில்லை. புண் கையிலோ கழுத்திலோ வந்திருந்தால் முதல் நாளே உடையறை முழுதும் அதுதான் பேச்சாக இருந்திருக்கும். வந்த இடம் அப்படி. தனக்கு மட்டுமே வந்திருக்கிறது என்று ஒவ்வொருத்தியும் நம்பினாள். ஒருத்தி பன்றிக்கொழுப்பைத் தடவினாள். ஒருத்தி புனிதருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். சின்ன வயதிலிருந்து அவர்கள் காதில் ஊதப்பட்டதெல்லாம் ஒன்றுதான்: அந்த இடத்தில் வருகிற எதுவும் பாவத்தின் சம்பளம். பாவமே செய்யாதவளும் எப்போதோ நினைத்த நினைப்பைத் தேடிப்பிடித்து அதன்மேல் பழி போட்டுக்கொண்டாள்.

ஒலிம்பியாவுக்குத்தான் ஆட்டம் அதிகம். அதனால் புண்ணும் அதிகம். சாப்பிட்ட மக்ரோனி வயிற்றில் நிற்கவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டாம் அங்கம் முடிந்து திரைக்குப் பின்னால் வந்தவள் அப்படியே சரிந்தாள். அவளுடைய தாய் பிரிஜிதா எப்போதும் மகள் கூடவே உடையறையில் இருப்பவள். ஓடிவந்து, மூச்சு விடட்டும் என்று உடையின் கட்டுகளைத் தளர்த்தி நிஜாரைக் கழற்றினாள். விளிம்பு கறுத்த புண்கள். பிரிஜிதா முதலில் செய்தது, மயங்கிக் கிடந்த மகளின் கன்னத்தில் அறைந்ததுதான். அடுத்து, “யாரு அவன்?” என்று கேட்டாள்.

அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. மறுநாள் முதலாளிக்குத் தெரிந்தது. மேக நோய் என்று சந்தேகம் வந்தால் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். அவர் தோன் சவேரியோவிடம் சொன்னார். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் காவல் மருத்துவர் ஒலிம்பியாவைப் பரிசோதிப்பார் என்று உத்தரவு வந்தது. அவர் ‘ஆம்’ என்று எழுதினால் அவள் பெயர் விலைமாதர் ஏட்டில் ஏறும். பெண்களைப் பூட்டிவைக்கும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே பாதரசம் கொடுத்துப் பல்லையும் தலைமுடியையும் பறித்துக்கொள்வார்கள். ஏட்டில் ஏறிய பெயரை எந்த அரங்கும், எந்த வீடும் திரும்பச் சேர்க்காது.

உத்தரவு வந்த மறுநாள் காந்திதா ஒலிம்பியாவின் வீட்டுக்குப் போனாள். பிரிஜிதா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். உள்ளே ஒலிம்பியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கேக்கவா? யாரும் தொடாதவளுக்கும் இது வருமா?”

“அதெல்லாம் இப்ப எதுக்குடி?”

“வராதுன்னு சொல்லிடு. அப்பத்தான் நான் எப்பவோ தூக்கத்துல எழுந்து போயிருக்கேன்னு நெனச்சுக்குவேன்.”

உண்மையில் காந்திதாவும் அவளை நம்பவில்லை. ஒரு பிரபுவின் மகன் இந்தப் பெண்ணுக்குப் பூ அனுப்பியது அவளுக்குத் தெரியும். ஆனாலும் சோப்பும் துணியும் கேட்டு வாங்கிப் புண்ணைக் கழுவினாள். சோப்பு நீர் பட்டதும் காந்திதாவின் விரல்கள் சுரீரென்று எரிந்தன. நகக்கண்களைச் சுற்றி அவளுக்கும் மூன்று வாரமாகப் புண். துவைக்கிற காரத்தால் வந்தது என்று நினைத்திருந்தாள். கையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். விளிம்பு கறுத்திருந்தது. பிறகு ஒலிம்பியாவின் துடையைப் பார்த்தாள். திரும்பவும் தன் கையைப் பார்த்தாள்.

அங்கிருந்து நேராக அரங்குக்குப் போய் நிஜார் ஒன்றை எடுத்துக்கொண்டு, மருந்துக்கடை தோன் மெல்க்கியோரிடம் ஓடினாள். பிரெஞ்சுப் புத்தகங்களைக் கல்லாப்பெட்டிக்குக் கீழே ஒளித்துவைத்துப் படிக்கிற மனிதர். அவர் துணியில் ஒரு கீற்றை வெட்டிக் கனலில் போட்டார். வெள்ளைப் புகை எழுந்தது. கடை முழுதும் பூண்டு வதக்கிய நாற்றம்.

“எலிக்கு என்ன வப்பே?”

“பாஷாணம்.”

“அதைத்தான் தச்சு மாட்டிவிட்டிருக்கே. இந்தப் பச்சையே அதுலதான் செய்யறாங்க.”

காந்திதா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “இதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க ஐயா. சனிக்கிழமை டாக்டர்கிட்ட காட்டிடறேன்,” என்றாள்.

“எழுத முடியாது.”

“கண்ணால பாத்தீங்களே.”

“மூக்காலயும் பாத்தேன். இந்தப் பச்சையைக் கேட்டது யாரும்மா? ஆணை. ஆணையால வியாதி வருதுன்னு எழுதினா அதுக்கு மருத்துவம்னு பேரில்ல, ராஜத்துரோகம்னு பேரு. என் தம்பி இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ரெண்டு வருஷமா உள்ளே இருக்கான்.”

“ஒரு பொண்ணோட வாழ்க்கை ஐயா.”

“தெரியும். அதனாலதான் காசு வாங்கலே,” என்றார் தோன் மெல்க்கியோர். சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் உண்டு. பரிசோதனை புத்தகத்தில் இருக்கிறது, புத்தகம் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது, உண்மை அவர் மூக்கில் ஏறியிருக்கிறது; அந்த உண்மைக்கு அந்தக் கடைவாசலைத் தாண்ட வழியில்லை. அவரை அந்த நிலையில் வைத்த ஆட்சியின் மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது.

காந்திதாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யோசிக்கத் தெரியும். கெட்ட நோய் ஒருத்திக்கு வரலாம், இருவருக்கு வரலாம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே இடத்தில், நிஜார் தொட்ட இடத்தில் மட்டும், நிஜார் முடிகிற கோட்டோடு நின்றுபோகிற மாதிரி வராது. எல்லோரும் சேர்ந்து காட்டினால் எந்த மருத்துவரும் மறுக்க முடியாது. வியாழக்கிழமை மதியம் பதினொரு பேரையும் உடையறையில் கூட்டிக் கதவைச் சாத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். ஒருத்தி அழுதாள், ஒருத்தி துணிந்து பாவாடையைத் தூக்கினாள், பிறகு எல்லோரும் தூக்கினார்கள். வாரக்கணக்கில் தனித்தனியாக வெந்துகொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலருக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“அப்ப நாளன்னிக்கு எல்லாரும் வர்றீங்கதானே?” என்றாள் காந்திதா.

சிரிப்பு நின்றது. வயதில் மூத்தவள், இரண்டு குழந்தைகளுக்குத் தாய், சொன்னாள்: “பன்னெண்டு பேருக்கும் நோயின்னு எழுதிட்டுப் புதுசா பன்னெண்டு பேரை எடுத்துக்குவாங்க அக்கா. பள்ளியில நாப்பது பேரு வரிசையில நிக்கறாளுங்க.”

“அது நோய் இல்லேன்னு நிரூபிக்கத்தானே போறோம்.”

“யார்கிட்ட? நம்ம பேச்சைக் கேட்டு அவங்க ஒத்துக்குவாங்களா? ஏட்டுல பேரு ஏறினா என் புருஷன் புள்ளைங்கள என் கண்ணுல காட்டமாட்டான்.”

காந்திதா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒவ்வொன்றும் குனிந்தது. கெஞ்சினாள். திட்டினாள். வெள்ளிக்கிழமை மறுபடியும் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை காவல் அலுவலகத்தின் பின்கட்டு அறையில் மருத்துவர் இருந்தார். படிப்பு முடித்துச் சில ஆண்டுகளே ஆன இளைஞர். தோன் சவேரியோவும் இருந்தார். ஒழுக்கம் கருதிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒலிம்பியா மேசைமேல் படுத்திருந்தாள். கூப்பிடாமலே உள்ளே நுழைந்த காந்திதா, இரண்டு கைகளையும் மருத்துவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இதையும் பாருங்க டாக்டர். அவளுக்கு இருக்கறது எனக்கும் இருக்கு. பத்து வருஷமா என்கூடப் படுக்கறது ஊசி ஒண்ணுதான்.”

மருத்துவர் பார்த்தார். அவள் கையோடு கொண்டுவந்திருந்த துணியைத் தடவி விரலைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகமே சொல்லிற்று. “இது மேக நோய் இல்லை. துணியில இருக்கற சாயம்,” என்றார்.

சுவரைப் பார்த்தபடியே தோன் சவேரியோ, “அந்தத் துணிக்கு நாங்க அனுமதி குடுத்திருக்கோம்,” என்றார்.

“இருக்கலாம். அதுல விஷம் இருக்கு.”

“விஷமுள்ள துணிக்கு ராஜாவோட அலுவலகம் அனுமதி குடுக்குமா டாக்டர்? யோசிச்சு எழுதுங்க. நீங்க இன்னும் நிரந்தரமாகலை.”

மருத்துவர் எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். கடைசியில் தோன் சவேரியோவே வழி கண்டுபிடித்தார். அனுமதி கொடுத்த துணி நல்ல துணி. தையற்காரி யாரையும் கேட்காமல், வீட்டில் வைத்து, தெரியாத எதையோ போட்டு அதை ஊறவைத்துவிட்டாள். அதனால் வந்த சொறி. அப்படி ஒரு வாக்குமூலம் இருந்தால் இந்தப் பெண்ணுக்கு நோயில்லை என்று மருத்துவர் எழுதலாம். இல்லையென்றால் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

“அந்தத் துணியை மாத்துவீங்களா?” என்று காந்திதா கேட்டாள்.

“அது உன் கவலை இல்லை. இனிமே நீ அங்கே வேலை பாக்கப்போறதில்லை.”

மேசையிலிருந்து ஒலிம்பியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காந்திதா பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் சிலுவைக்குறி போட்டாள். அந்தத் தாளில் ஒரு சொல்லும் உண்மையில்லை. ஆனாலும், அந்தத் துணியைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது தன் கைதானே என்ற நினைப்பு அவளைப் பொய் சொல்கிறோம் என்று முழுதாக நினைக்கவிடவில்லை. மனச்சாட்சி இருப்பவர்களை வைத்துத்தான் மனச்சாட்சி இல்லாதவர்கள் இப்படிக் காரியம் நடத்துகிறார்கள்.

ஒலிம்பியாவின் பெயர் ஏட்டில் ஏறவில்லை. புண் ஆறியதும் வேலைக்குத் திரும்பினாள். காந்திதாவை எந்த அரங்கமும் எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களுக்கு விஷம் வைத்த தையற்காரி என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே எல்லா வாசலுக்கும் போயிருந்தது. சந்தைக்குப் பின்னால் மெத்தை பிரித்துத் தைக்கிற வேலை கிடைத்தது. வசந்த கால பாலேக்கு அதே கடையிலிருந்து இன்னும் ஆறு சுருள் வந்திருக்கிறது என்று அங்கேதான் கேள்விப்பட்டாள். அனுமதி பெற்ற நிறம் அது ஒன்றுதானே.

அழவில்லை. பழைய படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கி, கொதிக்கவைத்து மெதுவாக்கி, நிஜாருக்குள் போட்டுக்கொள்ளப் பன்னிரண்டு உள்துணி தைத்தாள். எல்லாருடைய அளவும் அவள் விரலுக்குத் தெரியும். பிரிஜிதாவிடம் கொடுத்தனுப்பினாள்.

எட்டு நாள் கழித்து ஒரு மாலை ஒலிம்பியா மூட்டையோடு காந்திதாவின் வீட்டுப் படியேறி வந்தாள். பன்னிரண்டும் அப்படியே இருந்தன.

“கோவிச்சுக்காதே அக்கா.”

“ஏன்டி?”

“தடிக்குது. இந்தத் தடவை பாவாடையை இன்னும் ரெண்டு விரக்கடை ஏத்திட்டாங்க. உள்ளே எது போட்டாலும் துருத்திக்கிட்டுத் தெரியுது. கழுதைமேல சேணம் வச்ச மாதிரி இருக்குன்னு வாத்தியாரு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாரு.”

“இன்னும் மெல்லிசா தச்சுத் தர்றேன்.”

“வேணாம் அக்கா. யாரும் போடமாட்டாளுங்க. ஒருத்தி மெலிசா தெரிஞ்சா இன்னொருத்தி எப்படித் தடிச்சுத் தெரிவா?”

“உடம்புக்குள்ள போகுதுடி அது. போன தடவை பொழச்சே. இந்தத் தடவை யாரு கண்டா?”

ஒலிம்பியா ஜன்னலைப் பார்த்தாள். “முன்வரிசை குடுத்திருக்காங்க. நடுவுல நின்னு தனியா எட்டுச் சுத்து. அம்மா தெரு பூராச் சொல்லிட்டா,” என்றாள். பிறகு, “ஆட்டம் முடிஞ்சதும் உடனே கழுவிடறேன். கொழுப்புல மாவு கொழைச்சுப் பூசிட்டா எரிச்சல் தாங்கிடலாம்,” என்றாள்.

“இப்ப புண்ணு இருக்கா?”

அவள் எழுந்தாள். ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்றாள். காந்திதா அவள் கையைப் பிடித்தாள். ஒலிம்பியா மெதுவாக உருவிக்கொண்டு, குனிந்து காந்திதாவின் கையில் முத்தமிட்டாள்.

காந்திதா ஜன்னலுக்கு வந்து நின்றாள். ஒலிம்பியா கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள். சந்து முழுதும் அப்படியே நடந்தாள். பெரிய தெரு வந்ததும், அவித்த நண்டு விற்பவனும் காப்பிக்கடையில் நின்ற இரண்டு அதிகாரிகளும் திரும்பிப் பார்த்தார்கள். ஒலிம்பியா கால்களை ஒன்று சேர்த்தாள். கழுத்தை நீட்டி, தோளை இறக்கி, பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி, பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடியே நிமிர்ந்து நடந்து போனாள்.